இஞ்சியும் கறுவாவும் சேர்த்த வெறுந்தேநீர் துவர்ப்பது ஏன்?

கொட்டாஞ்சேனை இல்லத்தரசி:
அனைவருக்கும் வணக்கம். மழை தொடங்கியதிலிருந்து மாலைதோறும் இஞ்சி, கறுவா, ஏலக்காய், கராம்பு ஆகியவற்றைத் தேயிலையோடு ஒரே கேத்தலில் இட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைக்கிறேன். சாயம் நன்றாக இறங்குகிறது. ஆனால் நாக்கு வறளும் அளவுக்குத் துவர்க்கிறது, உறைப்போ தொண்டைக்கு எட்டுவதேயில்லை. மாமிக்கு நீரிழிவு என்பதால் சீனியைக் கூட்டவும் வழியில்லை. நேற்று இறக்கிய பின் பச்சை இஞ்சிச் சாறும் பாலும் விட்டேன், பால் திரைந்துவிட்டது. எங்கே பிழை விடுகிறேன்?

வெள்ளவத்தை வாசகர்:
சகோதரி, சரக்கையும் தேயிலையையும் ஒரே நேரத்தில் கொதிக்க விடுவதுதான் பிழை. கறுவாப்பட்டையும் இஞ்சியும் தம் சாரத்தை மெல்லத்தான் விடும். தேயிலையோ நான்கு நிமிடத்துக்கு மேல் கொதிநீரில் கிடந்தால் துவர்ப்பைக் கொட்டிவிடும். மூன்று கோப்பைத் தண்ணீரில் பெருவிரல் அளவு இஞ்சியை இடித்துப் போட்டு, இரண்டங்குலக் கறுவா, இரண்டு கராம்பு, நான்கு மிளகு சேர்த்து, மூடி, சிறுதீயில் பத்து நிமிடம் விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகே இரண்டு தேக்கரண்டித் தேயிலையையும் தட்டிய ஏலக்காயையும் இட்டு மூடி, மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். ஏலக்காயின் மணம் ஆவியோடு போய்விடும் என்பதால் அதற்குக் கடைசி இடம். சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு குடித்தால் மாமிக்கும் நல்லது.

புறக்கோட்டை மளிகைக்காரர்:
முறை சரி, கருப்பட்டி பற்றிய பேச்சுத்தான் சரியில்லை. கித்துளானாலும் பனையானாலும் அதுவும் சர்க்கரைதான், நீரிழிவுக்காரருக்கு அதில் சலுகை கிடையாது. மிளகையும் முழுதாகப் போடாதீர்கள். அதன் காரம் தண்ணீரில் எளிதில் கரையாதது, நொறுக்கினால்தான் சிறிதாவது இறங்கும்.

தேயிலையைப் பொறுத்தவரை, நுவரெலியாத் தேயிலையின் மென்மணம் கராம்பின் முன் நிற்காது. அதை இதில் போடுவது வீண் செலவு என்பது என் எண்ணம். தெற்கின் தாழ்நில றுகுணுத் தேயிலை அடர்ந்த சாயமும் திடமும் உள்ளது, சரக்கைத் தாங்கும். கறுவாவையும் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டுக் கறுவா காகிதம் போன்ற பல மெல்லிய பட்டைகள் சுருட்டுப்போல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், கையாலேயே நொறுங்கும். ஒற்றைத் தடித்த பட்டையாக இருந்தால் அது காசியா என்னும் வேறு இனம். அதில் கூமரின் என்னும் இயற்கை வேதிப்பொருள் கூடுதலாக இருப்பதால் நாள்தோறும் நிறையக் குடிப்பவரின் ஈரலுக்கு உகந்ததன்று.

தெகிவளை ஆசிரியை:
பால் திரைந்ததற்குக் காரணம், பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று பச்சை இஞ்சியில் இருப்பதுதான். நன்கு கொதித்தால் அது செயலிழந்துவிடும். ஆகவே சாற்றைக் கடைசியில் பிழிவதை விட்டு, இஞ்சியைத் தொடக்கத்திலேயே கொதிக்க விடுங்கள். உறைப்பு இன்னும் வேண்டுமென்றால் வேர்க்கொம்பைத் தட்டிப் போடலாம். காய்ந்த இஞ்சியின் காரம் பச்சை இஞ்சியினதைவிடக் கடுமையானது. தேசிக்காய் பிழிவதாயின் பாலை மறந்துவிடுங்கள். சாயம் வெளிறுவதைக் கண்டு தேயிலை போதவில்லையென்றும் எண்ணாதீர்கள், அது புளிப்பின் வேலை.

கொட்டாஞ்சேனை இல்லத்தரசி:
இன்று அப்படியே செய்தேன், துவர்ப்பு நீங்கிவிட்டது. மாமி சீனியில்லாமலேயே இரண்டாம் கோப்பை கேட்டார். வடித்த சரக்கை மறுநாளும் போடலாமா?

வெள்ளவத்தை வாசகர்:
கருப்பட்டி விடயத்தில் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். சரக்கை அன்றைக்கே இன்னொரு முறை கொதிக்க விடலாம். கறுவா ஈடுகொடுக்கும், இஞ்சியை மட்டும் புதிதாகச் சேருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் இரவு முழுவதும் வெளியே வைக்க வேண்டாம்.