சீயிங் எண்ணும் தொலைநோக்கி காட்டியதும்: கொந்தளிப்பை அளந்தவர்களின் அனுபவங்கள்

பரானலில் நோக்கிய உறுப்பினர்:

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 2,635 மீட்டர் உயரத்தில் உள்ள பரானல் வான்காணகத்தில், 8.2 மீட்டர் தொலைநோக்கிகளுள் ஒன்றில் நோக்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோருடைய கண்ணும் அடிக்கடி போய் நிற்பது சீயிங் எண்ணின் மேல்தான். காற்றின் கொந்தளிப்பு ஒரு விண்மீனின் பிம்பத்தை எவ்வளவு அகலப்படுத்துகிறது என்பதை வில்விநாடிக் கணக்கில் (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) சொல்லும் எண் அது. வெளியே கோபுரத்தில் இருந்த, சீயிங்கை அளக்கும் சிறு கருவி 1.1 என்று காட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எங்கள் கேமராவில் விண்மீன்களின் அகலம் 0.7 வில்விநாடியைத் தாண்டவில்லை. எதை நம்புவது என்று இரவுப்பணியில் இருந்த வானியலாளரிடம் கேட்டேன். "இரண்டையும் நம்பலாம், அவை பார்க்கும் காற்றுதான் வேறு" என்றார்.

இந்த முரண்பாடு அங்கே பழைய கதை. பெரிய தொலைநோக்கிகள் இயங்கத் தொடங்கிய பின்னர் சிறு கருவியின் எண் ஆண்டுக்காண்டு மோசமாகிக்கொண்டே வந்தது. தொலைநோக்கிகள் எடுத்த படங்களிலோ அந்தச் சரிவு தெரியவில்லை. வானியலாளர் மார்க் சராசானும் அவருடன் பணிபுரிந்தோரும் 2008இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை சொன்னது. தரையை ஒட்டி மிக மெல்லிய கொந்தளிப்புப் படலம் ஒன்று இருந்தது. சுமார் 6 மீட்டர் உயரத்தில் இருந்த சிறு கருவி அதற்குள் மூழ்கியிருக்க, பெரிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் அதற்கு மேலிருந்தே ஒளியைத் திரட்டின. இதனுடன் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. கொந்தளிப்பின் மிகப்பெரிய சுழல்களுக்கு ஓர் எல்லை உண்டு. பரானலில் அது இருபது மீட்டரை ஒட்டியது. வழக்கமான சூத்திரம் அந்த எல்லையை முடிவிலி என்று வைத்துக்கொள்வதால், பெரிய ஆடியில் விழும் பிம்பம் சூத்திரம் சொல்வதைவிடச் சிறியதாகவே இருக்கும். அகச்சிவப்பில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். 2016இல் வேறோர் இடத்தில் புதிய கருவி நிறுவப்பட்டது. சராசரி சீயிங் எண் ஒன்றை மட்டும் வைத்து ஒரு மலையை நல்லது, கெட்டது என்று தீர்ப்பெழுதுபவர்களை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

அளவுக் கருவியைப் பராமரிக்கும் உறுப்பினர்:

மேலே நண்பர் சிறு கருவி என்று குறிப்பிட்டதை நாங்கள் டிம் என்று அழைப்போம். சராசானும் பிரான்சுவா ரோடியேவும் 1990இல் விளக்கிய முறை இன்றும் ஏறக்குறைய அப்படியேதான் பயன்படுகிறது. சிறிய தொலைநோக்கியின் வாயை மூடியால் அடைத்து, அதில் இரண்டு துளைகள் இடுவோம். ஒரு துளையின் மேல் மெல்லிய ஆப்பு வடிவக் கண்ணாடி ஒன்றை ஒட்டுவோம். அந்தக் கண்ணாடி ஒளியைச் சற்றே திருப்பிவிடுவதால், ஒரே விண்மீன் திரையில் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். சில மில்லிவிநாடிகளுக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே போனால், இரு புள்ளிகளும் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் துடிப்பதைக் காணலாம். காற்று அடித்துத் தொலைநோக்கியே ஆடினாலும் இரு புள்ளிகளும் சேர்ந்தே ஆடும். ஆகவே இடைவெளியை மட்டும் அளந்தால் அந்த ஆட்டம் கழிந்துவிடும். மிஞ்சும் ஏற்ற இறக்கத்திலிருந்து ஃப்ரீட் நீளம் கிடைக்கிறது. எவ்வளவு அகலமான ஆடி வரை காற்று கூர்மையைப் பெரிதாகக் கெடுக்காது என்பதன் அளவு அது. பச்சை ஒளியில் அந்த நீளம் 10 சென்டிமீட்டர் என்றால், சீயிங் ஏறத்தாழ ஒரு வில்விநாடி என்று பொருள். 30 மீட்டர் ஆடியைக் கட்டினாலும், காற்றின் குலைவைத் திருத்தாத வரையில் அதன் கூர்மை ஏறத்தாழ ஒரு 10 சென்டிமீட்டர் ஆடியின் கூர்மையே ஆகும்.

ஆனால் டிம் தரும் எண், மொத்தக் காற்றையும் கூட்டிச் சொல்லும் ஒற்றை எண். எந்த உயரத்தில் எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதற்காகவே மாஸ் என்னும் கருவியை அதனுடன் இணைக்கிறார்கள். விண்மீன் மினுக்குவதற்குக் கொந்தளிப்பு தொலைவில் இருக்க வேண்டும். தரையை ஒட்டிய கொந்தளிப்பு பிம்பத்தை அசைக்குமே தவிர மினுக்கலை உண்டாக்காது. நான்கு பொதுமைய வளையங்களில் விழும் ஒளியின் மினுக்கலை ஒப்பிட்டு, சுமார் 500 மீட்டர் முதல் 16 கிலோமீட்டர் வரை ஆறு அடுக்குகளுக்கு மாஸ் கணக்குச் சொல்லும். டிம் எண்ணிலிருந்து மாஸின் பங்கை, நேராகக் கழிக்காமல் இரண்டையும் உரிய கணிதப் படிக்கு உயர்த்திக் கழித்தால், எஞ்சுவது தரைப்படலத்தின் பங்கு.

பராமரிப்பில் எனக்கு நேர்ந்த தொல்லை எல்லாம் கருவிக்கு வெளியில் இருந்தே வந்தது. பகலெல்லாம் வெயில் ஏறிய காங்கிரீட் தளம் இரவு முதல் சாமத்திலும் வெப்பத்தை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். எண் ஏறும், மலை என்னவோ அப்படியேதான் இருக்கும். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான்காணகத்தில் 1.3 மீட்டர் தொலைநோக்கியில் பிம்ப அசைவைத் திருத்தும் கருவியைப் பொருத்தி ஆய்வு செய்த செய்தியைப் படித்தபோது, ஏறத்தாழ 725 மீட்டர் உயரமே உள்ள மலையில் தரைப்படலத்தோடு எவ்வளவு போராட வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

லேசருடன் நோக்கிய உறுப்பினர்:

இருவரும் சொன்னதன் பயனை நான் பரானலின் நான்காவது தொலைநோக்கியில் நேரில் கண்டேன். 589 நானோமீட்டர் அலைநீளத்தில் நான்கு லேசர்கள், சுமார் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை ஒளிரச் செய்து செயற்கை விண்மீன்களை உண்டாக்குகின்றன. அவற்றின் ஒளி காற்றில் எப்படிக் குலைகிறது என்று அளந்து, அதை ஈடுசெய்ய, ஆடியைத் தள்ளி இழுக்கும் 1,170 இயக்கிகள் கொண்ட, இரண்டு மில்லிமீட்டர் தடிமனே உள்ள துணை ஆடி நொடிக்கு ஆயிரம் முறை வரை தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அகன்ற புலத்தை நோக்கும் முறையில் இந்த ஏற்பாடு திருத்துவது தரைப்படலத்தை மட்டுமே. ஆகவே சீயிங் ஒரே அளவாக உள்ள இரண்டு இரவுகளில், கொந்தளிப்பு கீழே குவிந்த இரவில் படம் வெகுவாகக் கூர்மையடையும். அது 10 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் இரவில் லேசரைப் போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வேறுபாடு தெரியாது.

வேகமும் கணக்கில் வர வேண்டும். ஃப்ரீட் நீளம் 10 சென்டிமீட்டர், காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்றால், அலைமுகம், அதாவது காற்றில் குலைந்து வரும் ஒளியலையின் வடிவம், மாறாமல் இருக்கும் காலம் சுமார் 3 மில்லிவிநாடி. மேலடுக்கில் ஜெட் காற்று வலுக்கும்போது இது பாதியாகிவிடும், ஆடி எவ்வளவு விரைந்து இயங்கினாலும் பின்தங்கும். அப்படியோர் இரவில் சீயிங் 0.8 என்று அழகாக இருந்தும், கூர்மை தேவைப்படும் இலக்குகளைத் தள்ளிவைத்துவிட்டு நிறமாலை மட்டும் போதுமான இலக்குகளுக்கு நாங்கள் மாறிவிட்டோம். இப்போதெல்லாம் நான் நோக்கத் தொடங்கும் முன் முதலில் கேட்பது தரைப்படலத்தின் பங்கையும் அந்த மில்லிவிநாடியையும்தான். சீயிங் எண்ணை அதற்குப் பிறகே பார்க்கிறேன்.