1865க்கு அப்புறம் அந்த 40 லட்சம் பேர் என்ன ஆனார்கள்?

நெடுவழி எழுதியது:

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றால் லிங்கன், கெட்டிஸ்பர்க், அடிமை முறை ஒழிந்தது, சுபம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் பிடிபடவில்லை. 1865 ஏப்ரலில் தெற்குப் படைத் தளபதி லீ சரணடைகிறார், ஒரு வாரத்துக்குள் லிங்கனைச் சுட்டுவிடுகிறார்கள், 40 லட்சம் பேருக்கு விடுதலை. 1870ல் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் மிசிசிப்பி சார்பில் செனட்டில் போய் உட்காருகிறார். அதே மிசிசிப்பியில் 1890ல் புது அரசியலமைப்பு எழுதி, ஓட்டுப் போட வரி கட்டு, படித்துக் காட்டு என்று விதி வைத்து கறுப்பர்களின் ஓட்டைக் கிட்டத்தட்ட துடைத்தே எடுத்துவிட்டார்கள். நடுவில் இருபதே வருடம்!

"40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்" தருவதாகச் சொல்லி ஏமாற்றினார்கள் என்று அடிக்கடி படிக்கிறேன். அது நிஜமான உத்தரவா, வெறும் வாய்ப்பேச்சா? நிலத்தைக் கொடுத்திருந்தால் கதை மாறியிருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேப்பர் எழுதியது:

உத்தரவு நிஜம். 1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் ஜார்ஜியாவின் சவானா நகரத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தபோது, அவரும் போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டனும் ஊரிலிருந்த 20 கறுப்பினத் தலைவர்களை அழைத்துப் பேசினார்கள், பெரும்பாலும் சபைப் போதகர்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், 67 வயது, தன்னையும் மனைவியையும் பொன்னும் வெள்ளியுமாக 1000 டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அவர் சுற்றி வளைக்கவில்லை: நிலம் வேண்டும், எங்கள் உழைப்பிலேயே உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நாலே நாளில், ஜனவரி 16ஆம் தேதி, சிறப்புக் கள உத்தரவு எண் 15 வந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகள், அப்படியே ஃப்ளோரிடா வரை கடலோரம், குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். கழுதை உத்தரவில் கிடையாது, ராணுவத்திடம் மிஞ்சியதை அப்புறம் சிலருக்குக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 40,000 பேர் குடியேறி விதைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

லிங்கன் இடத்துக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன்தான் கெடுத்தார். தோற்ற தோட்ட முதலாளிகளுக்கு வரிசையாக மன்னிப்புக் கொடுத்து, மன்னிப்போடு நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்தச் செய்தியைச் சொல்ல எடிஸ்டோ தீவுக்குப் போனவர் ஜெனரல் ஹோவர்ட், விடுதலையானவர்களுக்கான அரசு அலுவலகத்தின் தலைவர், போரில் வலது கையை இழந்தவர். பழைய முதலாளிகளை மன்னித்துவிடுங்கள் என்று அவர் சொன்னதற்கு அந்த மக்கள் எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. நீங்கள் போரில் ஒரு கையை மட்டும்தான் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி அடித்தவனை, என் அம்மாவையும் சகோதரியையும் அடித்தவனை, தனக்குப் பயிர் செய்து தான் சொல்லும் விலைக்கு ஒத்துக்கொண்டால்தான் தன் காலிக் குடிசையில் இருக்க விடுவேன் என்பவனை நான் எப்படி மன்னிப்பது என்று கேட்கிறார்கள். ஹோவர்டுக்கே மனம் ஒப்பவில்லை, ஆனாலும் உத்தரவை நிறைவேற்றினார்.

கரிசல்மண் எழுதியது:

நிலம் இல்லாதவன் அடுத்து எங்கே போவான், அதையும் சொல்ல வேண்டும். வாரத்துக்குப் பயிரிடப் போனான். பாதி விளைச்சல் முதலாளிக்கு. மீதிப் பாதியாவது கைக்கு வந்ததா என்றால், விதையிலிருந்து மாவு, செருப்பு வரை எல்லாம் கடையில் பற்று, பற்றில் வாங்கினால் விலையும் கூட, வட்டியும் தனி. ஈடு, இன்னும் விளையாத பருத்தி. சோளம் போடுகிறேன், வீட்டுக்குச் சாப்பாட்டுக்காவது ஆகும் என்றால் கடைக்காரர் விடமாட்டார், காசாகும் பயிர் பருத்திதான். எல்லாரும் பருத்தியே போட, 1870களில் விலை இறங்கிக்கொண்டே போனது. வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது நோட்டு முதலாளி கையில், எதிரே நிற்பவருக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துக் கற்றுக்கொடுப்பதையே முன்பு பல மாநிலங்கள் குற்றமாக்கி வைத்திருந்தன, அதன் பலன் இங்கே வந்து விடிந்தது. "இந்த வருடமும் பாக்கி நிற்கிறது" என்றால் அடுத்த வருடமும் அதே வயல்தான்.

வேண்டாம் என்று கிளம்பிப் போகவும் வழி வைக்கவில்லை. போர் முடிந்த 1865ஆம் வருடக் கடைசியிலேயே மிசிசிப்பியில் சட்டம் போட்டார்கள்: ஜனவரியில் வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் நாடோடி என்று பிடித்து அபராதம், அபராதம் கட்ட முடியாதவனை அதைக் கட்டுகிறவரிடம் வேலைக்கு விட்டுவிடுவார்கள். பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றோரால் வளர்க்க முடியாது என்று நீதிமன்றம் சொன்ன பிள்ளைகளைத் தொழில் பழகுவதற்கென்று ஒப்படைக்கும்போது பழைய எஜமானுக்கே முன்னுரிமை. இதையெல்லாம் எழுதியவர்கள் வெட்கமே படவில்லை.

எதிர்க்காற்று எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாப் பழியையும் நிலத்தின் மேல் போட்டால் துப்பாக்கி மறைந்துவிடும். மேலே சொன்ன சட்டங்களைப் பார்த்துக் கொதித்துதான் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) 1867ல் தெற்கின் பத்து மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்தது, ஓட்டு வந்தது, ஏறக்குறைய 2000 கறுப்பினத்தவர் ஏதாவது ஒரு பதவியில் இருந்தார்கள். அதை முறியடித்தது வறுமை இல்லை, வன்முறை. 1873 ஈஸ்டர் ஞாயிறு அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை வெள்ளையர் கும்பல் தாக்கியது, இறந்தவர்களில் பலர் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லாருக்கும் சமமான சட்டப் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்களை இல்லை என்று 1876ல் சொல்லி, தண்டனையை ரத்து செய்துவிட்டார்கள்.

அரசால் முடியாது என்பதும் இல்லை. 1871ல் அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, ராணுவத்தை விட்டு நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்ததும் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையர்களின் ரகசிய வன்முறைக் கும்பல் அங்கே சிதறி ஓடியது. அரசால் முடிந்தது, ஆனால் தொடர மனமில்லை. 1876 அதிபர் தேர்தல் இழுபறியாகி, ஹேய்ஸ் பதவிக்கு வந்ததும் லூசியானா, தென் கரோலினா ஆட்சிகளுக்குக் காவல் நின்ற சிப்பாய்களை முகாமுக்குத் திருப்பிவிட்டார். அவ்வளவுதான். இந்த நிலைமையில் 40 ஏக்கர் கையில் இருந்திருந்தாலும் ராத்திரி வந்து பிடுங்கியிருப்பார்கள்.

நெடுவழி எழுதியது:

அப்படியென்றால் நிலம் கிடைத்து, அதைக் கடைசிவரை வைத்துக்கொண்ட யாராவது இருக்கிறார்களா? இருந்தால்தானே இதற்குப் பதில் தெரியும்.

பழையபேப்பர் எழுதியது:

இருக்கிறார்கள், அதே கடலோரத்தில். எடிஸ்டோவுக்குக் கொஞ்சம் தெற்கே போஃபர்ட், செயின்ட் ஹெலினா பக்கம். அங்கே போர் நடக்கும்போதே மத்திய அரசு வரிபாக்கிக்காக நிலங்களை ஏலம் விட்டது, விடுதலையானவர்களில் பலர் சேர்த்த காசைப் போட்டு வாங்கினார்கள். ராபர்ட் ஸ்மால்ஸ் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 1862ல் பிளான்டர் என்ற கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கிளப்பி, கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு கோட்டைகளுக்குச் சரியான சமிக்ஞை கொடுத்துத் தாண்டி, குடும்பத்தோடு வடக்குப் படையிடம் போய்ச் சேர்ந்தவர், அப்புறம் காங்கிரஸ் உறுப்பினர். எந்த வீட்டில் அடிமையாகப் பிறந்தாரோ அதே சொத்தை ஏலத்தில் வாங்கினார். பழைய உரிமையாளர் தரப்பு வழக்குப் போட்டது. 1878ல், அதாவது சிப்பாய்கள் போய் ஒரு வருடம் கழித்து, உச்ச நீதிமன்றம் ஸ்மால்ஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

ஆகவே எதிர்க்காற்று சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். ஷெர்மன் கொடுத்தது அனுபவ உரிமை, ஸ்மால்ஸ் கையில் இருந்தது கிரயப் பத்திரம். முதலாவதை ஒரு கையெழுத்தில் பிடுங்கினார்கள், இரண்டாவதைக் கோர்ட்டுக்குப் போயும் பிடுங்க முடியவில்லை. ஓட்டு போன பிறகும் செயின்ட் ஹெலினாவில் கறுப்பினச் சிறு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக நின்றார்கள்.

எதிர்க்காற்று எழுதியது:

போஃபர்ட் பக்கம் கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை, அதனால் அங்கே ராத்திரி வந்து மிரட்டுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. ஜார்ஜியாவின் உள்பகுதியில் தனியாக ஒரு குடும்பம் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கும்? இருந்தாலும் அந்த வழக்கு எனக்குப் புதுசு, தேடிப் படிக்கிறேன்.