இரணைதீவு மக்கள் 2021 இல் எதை எதிர்த்தார்கள்?

கேள்வி (கிளிநொச்சி மாணவி):
பெருந்தொற்றுக் காலத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை என்பதால் பல விடயங்கள் சரியாக நினைவில் இல்லை. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைத் (உடல்களை) தமது தீவில் அடக்கம் செய்வதை, எங்கள் மாவட்டத்துக் கடலில் உள்ள இரணைதீவின் மக்கள் எதிர்த்தது முஸ்லிம்கள் மீதான வெறுப்பினால்தான் என்று அண்மையில் ஒருவர் வாதிட்டார். அது உண்மையா?

பூநகரியான்:
அந்த வாதம் அரசாங்கத்தைத் தப்பவிட்டு, பாதிக்கப்பட்ட இரு சாராரையும் மோதவிடுகிறது. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானியின்படி கொரோனாவால் இறந்த அனைவரையும் எரித்தே ஆகவேண்டியிருந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசடையும் என்று சொல்லி, பத்து மாதங்களுக்கு மேலாக முஸ்லிம் குடும்பங்களின் மன்றாட்டத்தை அரசாங்கம் காதில் வாங்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. சில நாட்களுக்குள் அதற்கான இடமாக இரணைதீவு அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் மண் இருக்க, கடல் கடந்து போகவேண்டிய ஒரு தீவைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்றுவரை எனக்கு நியாயம் விளங்கவில்லை.

அந்தத் தீவு யாருடையது என்பதையும் பார்க்கவேண்டும். 1992 இல் இடம்பெயர்ந்து, பெருநிலப்பரப்பில் உள்ள இரணைமாதா நகரில் ஒதுங்கியிருந்து, கடற்படை நிலைகொண்டிருந்த சொந்த ஊருக்குப் போகவிடுங்கள் என்று போராடி, 2018 ஏப்ரலில் தாமே படகுகளில் போய் இறங்கிய கடற்றொழிலாளர்கள் அவர்கள். கிணற்று நீரையும் கடலட்டையையும் நம்பி வாழ்பவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், நிலத்தடி நீருக்கு ஆபத்து என்று அதுவரை தானே சொல்லிவந்த உடல்களை அரசாங்கம் அங்கே அனுப்ப முனைந்தால், அவர்கள் அஞ்சாமல் என்ன செய்வார்கள்? அந்த அச்சத்தை ஊட்டியதே அரசாங்கம்தான்.

முள்ளியவளை வாசகி:
பூநகரியான் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடு இன்னும் ஆறவில்லை. ஆகவே ‘எங்கள் மண்ணில் வேண்டாம்’ என்ற சொல் அவர்களுடைய காதில் வேறு விதமாகத்தான் விழும். எங்களில் சிலர் அப்போது வாய்தவறியும் பேசினார்கள்.

நம்பிக்கையின்மைக்கு வேறு காரணமும் உண்டு. தொற்றுத் தடுப்புத் தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதியே தலைமை தாங்கினார். 2021 மே 17 இரவு முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்பு ஆகிய மூன்று பொலிஸ் பிரிவுகளும் தனிமைப்படுத்தப்பட்டன. தொற்று உண்மையாகவே பரவியிருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் மறுநாள் முள்ளிவாய்க்கால் நினைவு நாள் என்பதால், அதை வெறும் சுகாதார நடவடிக்கை என்று நம்ப எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை.

மன்னார் வீதி:
ஊர் ஊராகத் திரிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் இந்தக் கோபத்தில் சேர்க்காதீர்கள். முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்லர்.

கிளிநொச்சி மாணவி:
நன்றி. கடைசியில் அடக்கம் எங்கே நடந்தது?

பூநகரியான்:
மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில், 2021 மார்ச் முதல் வாரத்திலேயே. வன்னியில் இறந்த முஸ்லிம்களின் உறவினரும் அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது. கட்டாய எரிப்புக்கு அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில். இரணைதீவு மக்களிடம் அப்படி எவரும் வந்து பேசியதாக நான் கேள்விப்படவில்லை.