சித்தப்பாவும் டேனியல் ஹோல்டனும்

‘ரெக்டிஃபை’ தொடரைப் பார்த்து முடித்தேன். ரே மெக்கின்னன் உருவாக்கி, 2013 முதல் 2016 வரை நான்கு பருவங்களாக வந்த அமெரிக்கத் தொடர். பதின்வயதில் கொலை வழக்கில் சிக்கி, 19 ஆண்டுகள் மரண தண்டனைக் கைதியாக இருந்த டேனியல் ஹோல்டன், மரபணுச் சோதனையால் தீர்ப்பு ரத்தாகி ஜார்ஜியாவிலுள்ள தன் சிற்றூருக்குத் திரும்புகிறான். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் அப்படித் திரும்பி வந்ததால் இதை எழுதுகிறேன்.

என் சித்தப்பா ஆயுள் கைதி. டேனியல் குற்றவாளியா இல்லையா என்று தொடர் நம்மைத் தவிக்க விடுகிறது. சித்தப்பா விஷயத்தில் அந்த ஐயம் கிடையாது. வரப்புத் தகராறில் அரிவாளை ஓங்கியவர் அவர்தான், நீதிமன்றத்தில் மறுக்கவும் இல்லை. 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டி 1,405 ஆயுள் கைதிகளை அரசு முன்கூட்டியே விடுவித்தது. அவர்களில் ஒருவராக மதுரைச் சிறையிலிருந்து வந்தார். இடையில் ஒரே ஒரு முறை, அப்பத்தா இறந்தபோது, பரோலில் வந்திருந்தார். கடைசி மகன் என்பதால் கொள்ளி வைத்தது அவர்தான். காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் மயானத்துக் கருவேல மரத்தடியில் காத்திருந்தார்கள்.

பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் திரும்பியவர்களைத் தலைமுறை தலைமுறையாக வரவேற்றுப் பழகிய செட்டிநாட்டுச் சீமை எங்களுடையது. பெட்டியை முகப்பில் இறக்கியதும் என்ன கேட்க வேண்டும், யாருக்கு முதலில் சொல்லியனுப்ப வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சிறையிலிருந்து வருகிறவருக்கு அப்படி ஒரு முறை இல்லை. வந்தவர்கள் வெள்ளைப் பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, “உள்ளே சோறு எப்படி?” என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

தொடரில் என்னை உலுக்கிய இடம் டயர் கடை. டேனியல் உள்ளே இருக்கும்போதே அப்பா இறந்துவிடுகிறார், அம்மா மறுமணம் செய்துகொள்கிறார். அவர்கள் குடும்பத்துக் கடையை இப்போது புதுக் கணவரும் அவருடைய மகன் டெடியும் நடத்துகிறார்கள். யாரும் எதையும் பறிக்கவில்லை. ஆனாலும் டேனியலைப் பார்த்த நாள் முதல் டெடிக்கு நிம்மதி போய்விடுகிறது.

எங்களுக்குத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றிப் பூப் போடும் வேலை. பட்டறையில் சித்தப்பா கைக்கு இணையில்லை என்பார்கள். அவர் திரும்பியபோது அவருடைய மேசையில் என் அத்தான் நின்றிருந்தார். அந்த வேலையை நம்பித்தான் அவருக்குப் பெண் கொடுத்திருந்தார்கள். அப்பா, “நீ கல்லாவில் உட்கார்” என்றார். “கல்லாவில் உட்கார்ந்தால் வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தானே பணம் கொடுக்க வேண்டும், அண்ணே” என்று சித்தப்பா மறுத்துவிட்டார்.

சில மாதங்களில் காரைக்குடியில் அறை எடுத்துக்கொண்டு, முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்கு வேலைக்குப் போனார். இடித்த வீடுகளின் கதவு, நிலைகளில் பழைய வர்ணத்தைச் சுரண்டும் வேலை. அப்பாவுக்கு அது பெரிய அவமானம். மாதம் தவறாமல் மதுரைக்குப் போய் மனுப் போட்டுத் தம்பியைப் பார்த்து வந்தவர் அவர். அந்த உழைப்புக்கு இதுதானா பலன் என்று அத்தையிடம் குமுறினார். தொடரில் அண்ணனுக்காகவே தன் இளமையைக் கொடுத்த தங்கை அமாந்தாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது. சிறை போனவரைப் பற்றியே ஊர் பேசுகிறது. வெளியே காத்திருந்தவரின் ஆண்டுகளையும் யாராவது கேட்க வேண்டும்.

டேனியலும் கடைசிப் பருவத்தில் ஊரில் இல்லை. நாஷ்வில்லில், சிறை மீண்டவர்களுக்கான விடுதியில் தங்கிக் கிடங்கு வேலைக்குப் போகிறான். அங்கேதான் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது. சித்தப்பாவுக்கும் அப்படித்தான். அந்தத் தெருவில் அவர் கதவு வேலை தெரிந்த மனிதர், அவ்வளவுதான். விடுதலையாகி வருகிறவரைக் காத்திருந்த வீட்டிலேயே தங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தனியாகப் போகிறேன் என்றால் அறைக்கு முன்பணம் கொடுத்து அனுப்புங்கள், போய்ப் பாருங்கள். அப்பா இரண்டு ஆண்டு வீம்புக்குப் பிறகு போக ஆரம்பித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு அவருக்குச் சித்தப்பா அறையில்தான்.