ஏடிஎம் மரபணு ரிப்போர்ட், 10 நாளில் ரேடியேஷன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அக்காவுக்கு வயது 46. இடது மார்பில் புற்றுநோய், இரண்டாம் நிலை. கட்டியை மட்டும் அகற்றி 5 வாரம் ஆகிறது. அடுத்து ரேடியேஷன், மொத்தம் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 15 தவணை. தொடங்க இன்னும் 10 நாள்தான்.

இந்த நேரத்தில் ரத்தத்தில் எடுத்த மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. ஏடிஎம் மரபணுவின் ஒரு பிரதியில் மாற்றம், பாதிப்பு உண்டா இல்லையா என்று உறுதியாகாத வகை. புற்றுநோயோடு தொடர்புள்ள மற்ற மரபணுக்களான பிஆர்சிஏ, டிபி53 இரண்டும் சரி. கதிர்வீச்சில் உடையும் டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவுவதே இந்த ஏடிஎம்தான் என்று படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

டாக்டரிடம் கேட்டோம். இரண்டு பிரதியும் பழுதாகி அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற அரிய பரம்பரை நோய் வந்தவர்களுக்குத்தான் கதிர்வீச்சு கடும் ஆபத்து, அக்காவுக்கு நிறுத்தத் தேவையில்லை என்றார். மரபணு ஆலோசகரோ, இந்த வகை மாற்றத்தை வைத்துச் சிகிச்சையை மாற்றக் கூடாது என்கிறார். 10 மரபணுக்களைக் கொண்டு கணிக்கும் ஆர்எஸ்ஐ (கதிர் உணர்திறன் குறியீடு) என்ற பரிசோதனை பற்றியும் விசாரித்தேன். அது கட்டி கதிருக்கு எவ்வளவு மசியும் என்று திசுவில் பார்ப்பது. எங்கள் பயமோ நல்ல தோல், நுரையீரல், இதயம் பற்றி.

இதே மாதிரி ரிப்போர்ட்டோடு ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு, டாக்டர் அளவையோ தவணையையோ மாற்றினாரா?