குறை சொல்வதா, கிளைக் கூட்டத்துக்குப் போவதா?

கேள்வி (பாளையங்கோட்டை): தேர்தல்தோறும் எங்கள் தெருவில் வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றிய புலம்பல்தான் கேட்கிறது. கட்சிக் கிளைக் கூட்டத்துக்குப் போவதால் ஏதேனும் மாறுமா?

பதில் (அம்பாசமுத்திரம்): அமெரிக்காவின் அயோவாவில் கட்சிக்காரர்கள் குளிர்கால இரவில் நேரில் கூடி, வேட்பாளர் தேர்வைப் பற்றி விவாதிப்பார்கள். இங்கே வேட்பாளரைப் பெரும்பாலும் தலைமையே முடிவு செய்வதால், கிளைக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாக்குச்சாவடி முகவராக, அதாவது வாக்குப்பதிவைக் கண்காணிக்கும் கட்சிப் பிரதிநிதியாக, உட்கார ஆள் தேடும் வேலை கிளையில்தான் நடக்கிறது. அப்படி உட்காருபவர், காலையில் இயந்திரத்தைச் சோதிக்கக் குறைந்தது 50 வாக்குகளைக் கொண்டு நடக்கும் மாதிரி வாக்குப்பதிவை நேரில் பார்க்கலாம், மாலையில் பதிவான மொத்த வாக்குகளைக் காட்டும் 17சி படிவத்தின் நகலைக் கேட்டுப் பெறலாம்.

பதில் (களக்காடு): அண்ணாச்சி சொல்வது சரி. நான் முகவராக இருந்த அன்று, ஒரு கட்சியின் நாற்காலி மாலைவரை காலியாகவே கிடந்தது. மறுநாள் தேநீர்க் கடையில் உரக்கப் பேசியவர்கள் அவர்கள்தாம்.

கேள்வி கேட்டவர்: வாக்காளர் பட்டியலில் பெயரே விடுபட்டிருந்தால்?

பதில் (அம்பாசமுத்திரம்): அதற்குக் கட்சி வேண்டாம், தம்பி. பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நிரப்பி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுங்கள். வாக்குப்பதிவு நாளன்று போய் நின்றால் பயனில்லை.