திருவொற்றியூர்ல நின்ன பச்சை எஞ்சின்: சரக்கு வண்டிக்குப் பெயிண்ட் தேவையா, தேவையில்லையா?

தண்டவாளத் தமிழன்:
போன ஞாயித்துக்கிழமை காலைல திருவொற்றியூர் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி லோக்கலுக்காக நின்னுட்டிருந்தேன். நிலக்கரி வண்டி ஒண்ணு சிக்னல் விழாம பிளாட்பாரத்தை ஒட்டியே வந்து நின்னுச்சு. தலைமாட்டுல ஒரு வேக்-9, சரக்கு வண்டி இழுக்கிற மின்சார எஞ்சின். 6,000 குதிரைத்திறனுக்கு மேல. ஆனா கோலத்தைப் பார்க்கணுமே! படம் போட்டிருக்கேன். டிரைவர் ஏறுற கதவுக்குக் கீழ ரெண்டு கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிஞ்சு, ஓரமெல்லாம் பொரிச்ச அப்பளம் மாதிரி சுருண்டு நிக்குது. நம்பர்ல கடைசி எழுத்து 3-ஆ 8-ஆன்னு தெரியல. எந்த ஷெட் (எஞ்சினைப் பராமரிக்கிற இடம்) எஞ்சின்னு சொல்ல மாட்டேன், கேட்காதீங்க. வந்தே பாரத்தைத் தினமும் தேய்ச்சுக் குளிப்பாட்டுறாங்க. சோறு போடுறது சரக்கு வண்டிதான், அதுக்கு மட்டும் இந்த கதியா?

கல்லாப்பெட்டி:
ஆரம்பிச்சுட்டார்யா. சார், அது இழுக்குதா இல்லையா? இழுக்குது. அப்புறம் என்ன? மூட்டை தூக்குறவர் சட்டையில இஸ்திரி இருக்கான்னா பார்ப்பீங்க? பெயிண்ட் அடிக்கணும்னா எஞ்சினை ஷெட்ல நிறுத்தணும். தேய்க்கணும், பிரைமர் காயணும், மேல் கோட்டு காயணும். அந்த நாள் பூரா அது ஒரு டன் நிலக்கரி கூட இழுக்காது. எண்ணூர்ல கப்பல்ல வந்து இறங்குற நிலக்கரிக்காக அங்க மேட்டூர்ல பாய்லர் காத்துக்கிட்டிருக்கு. உங்க போட்டோவுக்காக கரண்டை நிறுத்தச் சொல்றீங்களா?

தண்டவாளத் தமிழன்:
போட்டோவுக்காக இல்ல. பெயிண்ட்ங்கிறது இரும்புக்குத் தோல். தோல் உரிஞ்சா உள்ள துரு. திருவொற்றியூர்ல இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் காத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? எங்க வீட்டு ஜன்னல் கம்பிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ரெட் ஆக்சைடு அடிச்சும் கையில துரு ஒட்டுது. 1855-ல செஞ்ச இஐஆர்-21 நீராவி எஞ்சினை இதே சென்னையில, பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல, 2010-ல சரிபண்ணி ஓட விட்டாங்க. மனசு வெச்சா முடியும்.

கல்லாப்பெட்டி:
அது கொலு பொம்மை சார். வருஷத்துல ஒண்ணு ரெண்டு நாள் வெளிய வரும், எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க, உள்ள போயிடும். வேலைக்காரனோட ஒப்பிடாதீங்க. காசு கணக்கு பார்க்கிற தனியார் கம்பெனி என்ன செய்யுதுன்னு பாருங்க. அமெரிக்காவுல சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியை 1996-ல யூனியன் பசிபிக் வாங்குச்சு. பழைய எஞ்சினுக்கெல்லாம் புதுப் பெயிண்டா அடிச்சாங்க? நம்பர் இருக்கிற இடத்துல மட்டும் ஒரு ஒட்டு போட்டு, புது நம்பர் எழுதி, பல வருஷம் அப்படியே ஓட்டினாங்க.

ஜீவா கேட்:
அதே சதர்ன் பசிபிக் அதுக்கு முன்னாடி ஒரு கூத்து பண்ணுச்சு, இதையும் சொல்லணும். எண்பதுகள்ல சாண்டா ஃபே கம்பெனியோட சேரப் போறோம்னு சிவப்பும் மஞ்சளுமா எஞ்சினுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சாங்க. ஒரு கம்பெனி எஞ்சின்ல 'எஸ்பி' எழுதி பக்கத்துல இடம் விட்டாங்க, இன்னொண்ணுல 'எஸ்எஃப்' எழுதி அதுலயும் இடம் விட்டாங்க, சேர்ந்ததும் மிச்சத்தை எழுதிக்கலாம்னு. 1986-ல அரசு ஆணையம் இணைப்பே கிடையாதுன்னு சொல்லிருச்சு. பொண்ணு வீட்டுல சம்மதம் கேட்கும் முன்னாடி பத்திரிகை அடிச்ச கதை. ரெண்டெழுத்துக்கு இடம் விட்டபடியே அந்த எஞ்சின்கள் ஊர் ஊரா ஓடுச்சு. எஸ்பிஎஸ்எஃப்னா 'ஷுடன்ட் பெயிண்ட் சோ ஃபாஸ்ட்', அதாவது 'இவ்வளவு அவசரமா பெயிண்ட் அடிச்சிருக்கக் கூடாது'ன்னு அங்க உள்ள ரயில் பைத்தியங்க விரிவாக்கம் சொல்லிச் சிரிப்பாங்க.

நம்பர் டேக்கர் மகள்:
அமெரிக்கா போய்ட்டு வந்தாச்சுன்னா தண்டையார்பேட்டைக்கு வரலாமா? எங்கப்பா அங்க யார்டுல நம்பர் டேக்கரா இருந்தார். ராத்திரி ஷிஃப்ட்ல டார்ச்சை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, ஒரு கையில பேடு, ஒரு கையில பேனா. ஒவ்வொரு வேகனுக்கும் 11 இலக்க நம்பர். பெயிண்ட் போன வேகன்னா உள்ளங்கையால கரியைத் துடைச்சு, டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு, எழுத்து இருந்த தடத்தைத் தடவிப் பார்த்துப் படிப்பார். 3-ஐ 8-னு எழுதிட்டா அந்த வேகன் கணக்குல வேற ஊருக்குப் போயிடும். விடிஞ்சு வீட்டுக்கு வந்தா அம்மா தர்ற காபி டம்ளர்ல விரல் அடையாளம் கறுப்பா பதிஞ்சிருக்கும். இப்ப கம்ப்யூட்டர் வந்துருச்சு, சரி. ஆனா அழகு அழகுன்னே பேசுறீங்களே, அந்த நம்பரும் பெயிண்ட்தான்.

கல்லாப்பெட்டி:
அக்கா, நம்பரை எழுதுங்க, வேணாங்கல. அதுக்கு ஒரு டப்பாவும் ஒரு அச்சுத் தகடும் போதும். எஞ்சினையே குளிப்பாட்டிப் பொட்டு வைக்கச் சொல்றவர்கிட்டதான் என் சண்டை.

லோகோக்காரர்:
நான் 31 வருஷம் ஓட்டினவன். கடைசி பதினஞ்சு வருஷம் பூரா சரக்கு வண்டிதான். லாக் புக்குல என்னவெல்லாமோ எழுதியிருக்கேன். வைப்பர் வேலை செய்யல, தண்டவாளத்துல மணல் தூவுற சாண்டர் அடைச்சிருக்கு, ஹாரன் ஒரு பக்கம் ஊமை, கேப்ல அனல் தாங்கல. 'பெயிண்ட் போயிருக்கு'ன்னு நானும் எழுதினதில்ல, வேற யாரும் எழுதி நான் படிச்சதும் இல்ல. தமிழன் தம்பி, எண்ணூர் உப்புக் காத்தைப் பத்திச் சொன்னது சரி. ஆனா எங்களுக்கு அந்த உப்பு பயம் காட்டுறது பக்கச் சுவர்ல இல்ல, கூரையில. மேல 25,000 வோல்ட் வருது. இன்சுலேட்டர்ல உப்பும் கரியும் படிஞ்சு, அதுமேல விடிகாலைப் பனியோ தூறலோ பட்டா பளீர்னு ஒரு சத்தம், வண்டி நடுவழியில நிக்கும். ஷெட்ல நாலு ஆள் இருந்தா நான் அவங்களை இன்சுலேட்டரைத் துடைக்கத்தான் அனுப்புவேன்.

தண்டவாளத் தமிழன்:
ஐயா, உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் ஒண்ணுமில்ல. ஆனா அதே கூரைக்குக் கீழ ஒரு கம்பெனி விளம்பரத்தை எஞ்சின் முழுக்க ஸ்டிக்கரா ஒட்டுறதுக்கு மட்டும் ஆளும் நேரமும் கிடைக்குதே, எப்படி? பாசஞ்சர் எஞ்சின்ல பார்த்திருப்பீங்க. ஆறு மாசத்துல அதுவும் ஓரம் கிழிஞ்சு தொங்குது.

லோகோக்காரர்:
அதுக்கு அவன் காசு குடுக்குறான் தம்பி.

உப்புத்தாள்:
ரெண்டு நாளா படிக்கிறேன். எங்க தாத்தா காலத்துல இருந்து பெயிண்ட் காண்ட்ராக்ட் எங்க தொழில். டேங்க், ஷெட் கூரை, பாலம்னு அம்பத்தூர்ல இருந்து மணலி வரைக்கும் வேலை செஞ்சிருக்கோம். நீங்க எல்லாரும் ரெண்டு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் கிண்டுறீங்க. வெளுக்கிறது வேற, உரியிறது வேற.

வெளுக்கிறது வயசு. வெயில் பட்டுப் பட்டு மேல இருக்கிற பசை செத்துப்போகும், கலர்ப்பொடி மட்டும் தளர்ந்து நிக்கும். கறுப்புத் துணியால தேய்ச்சா மாவு மாதிரி ஒட்டும். நாங்க சுண்ணாம்பு பூத்திருக்குன்னு சொல்லுவோம். ஈர விரலால தடவிப் பாருங்க, பச்சை பளிச்சுனு திரும்பி வரும், காய்ஞ்சதும் மறுபடி வெளிறிடும். அந்தப் பொடிக்குக் கீழ பெயிண்ட் நல்லாத்தான் இருக்கும், இரும்பைக் காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்கும். எண்ணெய் மங்கின வாணலி மாதிரி. அசிங்கம், ஆனா ஓட்டை இல்ல. எபாக்ஸிங்கிற பெயிண்ட் வெயில்ல சீக்கிரம் பூத்துடும், அதனாலதான் அதைக் கீழ வெச்சு மேல பியூ, அதாவது பாலியூரித்தேன், கோட்டு குடுக்கிறது. இந்த விஷயத்துல கல்லாப்பெட்டி சார் சொல்றது சரி, இதுக்காக வண்டியை நிறுத்த வேணாம்.

உரியிறது அப்படி இல்ல. அதுக்கு வயசு காரணமே இல்ல, கை காரணம். கீழ துரு இருந்து அதுமேல அடிச்சிருக்கணும். இல்ல உப்பைக் கழுவாம அடிச்சிருக்கணும், அது உள்ளேயிருந்தே தண்ணியை இழுத்துக் கொப்புளம் விடும். இல்ல ஈரத்துல அடிச்சிருக்கணும். காத்துல ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தா ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடக்கூடாது. இரும்போட சூடு, பனி படியிற சூட்டைவிட 3 டிகிரியாவது மேல இருக்கணும். ஐப்பசி கார்த்திகையில நம்ம ஊர்ல காலை எட்டு மணிக்கு எந்த இரும்பு அப்படி இருக்கும்? ஆனா மார்ச்சுக்குள்ள பில் போடணும்னு டிசம்பர்லதான் வேலையைக் குடுப்பாங்க. எங்க அப்பா காலத்துல இருந்து இதே பாட்டுதான். இன்னொண்ணு, பியூ ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பெயிண்ட். இறுக வைக்கிற ஹார்டனரைக் குறைச்சு தின்னரைக் கூட்டினா அடிக்க சுகமா ஓடும், அன்னைக்குக் கண்ணாடி மாதிரி மின்னும். மிச்சக் கதையைத் தமிழன் சார் படம் பிடிச்சிருக்கார்.

கடைசியா ஒரு கேள்வி. அந்த அப்பளம் ஏதாவது பிளாட்பாரத்துல விழுந்துச்சா?

தண்டவாளத் தமிழன்:
விழுந்துச்சு. கட்டை விரல் அளவு. பர்ஸ்ல வெச்சிருக்கேன். எஞ்சினைத் தொடலை, கிளம்புறப்ப அதுவா உதிர்ந்தது. முன்கூட்டியே சொல்லிடுறேன், இல்லேன்னா அடுத்து அதுக்குத் திட்டு விழும்.

உப்புத்தாள்:
திருப்பிப் பாருங்க. பின்பக்கம் பழுப்பா துரு ஒட்டியிருந்தா இரும்புலயே கோளாறு. சிவப்போ சாம்பலோ பிரைமர் இருந்தா பிரைமர் வரைக்கும் கழண்டிருக்கு. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க.

தண்டவாளத் தமிழன்:
துரு இல்ல. பிரைமரும் இல்ல. பின்பக்கமும் பச்சைதான், மெல்லிசா வெளிறின பச்சை. நகத்தால கீறினா மாவு மாதிரி வருது.

உப்புத்தாள்:
அப்ப வேலை முடிஞ்சது. பூத்த பழைய பெயிண்டு மேல, அந்த மாவைக் கூடத் துடைக்காம, ஒரே ஒரு கோட்டு வீசியிருக்காங்க. புதுப் பெயிண்ட் பழைய பெயிண்ட்ல ஒட்டல, மாவுல ஒட்டியிருக்கு. அரை மணி நேரம் உப்புத்தாள் போட்டுத் தண்ணி விட்டுக் கழுவியிருந்தா இது உரிஞ்சிருக்காது. என் பட்டப்பேரைச் சும்மா வைக்கல.

கல்லாப்பெட்டி:
பார்த்தீங்களா? பெயிண்ட் அடிச்சதாலதான் உரிஞ்சிருக்கு. அடிக்காம விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நான் மொதல்ல இருந்து என்ன சொல்றேன்?

தண்டவாளத் தமிழன்:
சார், சமையல் சரியில்லைன்னா சமையல்காரரைக் கேட்கணும், இனிமே பட்டினி கிடன்னு சொல்லக்கூடாது.

லோகோக்காரர்:
தம்பி, ஒண்ணு கேட்கிறேன். நீ பார்த்தது எந்தப் பக்கம்? பிளாட்பாரம் பக்கமா?

தண்டவாளத் தமிழன்:
ஆமாங்க ஐயா. ஏன்?

லோகோக்காரர்:
எங்க காலத்துல பெரிய அதிகாரி வர்றார்னா முந்தின நாள் ராத்திரி பெயிண்ட் வாசனை வரும். எஞ்சின் பூராவும் அடிக்க நேரம் இருக்காது. அவர் எந்தப் பக்கம் நிப்பாரோ அந்தப் பக்கம் மட்டும் அடிப்பாங்க. ஒரு தடவை அடிச்சு முடிச்ச அப்புறம் வண்டியை வேற லைன்ல மாத்திக் குடுத்துட்டாங்க. அடிக்காத பக்கம் அவருக்குக் காட்சி தந்துச்சு. அன்னைக்கு ஃபோர்மேன் மூஞ்சியைப் பார்க்கணுமே, அதுக்கு எந்த பிரைமரும் தாங்காது.

ஜீவா கேட்:
ஐயா, இதையெல்லாம் தனியா ஒரு பதிவா எழுதுங்க.

தண்டவாளத் தமிழன்:
ஐயா, நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு லோக்கல் வர இன்னும் நேரம் இருந்ததால பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி இன்னொரு படம் எடுத்திருந்தேன். குறை சொல்ல ஒண்ணும் இல்லாததால மொதல்ல போடலை. இப்பப் போட்டிருக்கேன். அதே எஞ்சின். பச்சை வெளிறி, பாசி காஞ்ச சுவர் மாதிரி இருக்கு, பிரேக் தூசி கீழ்பாதி பூரா பழுப்பா அப்பியிருக்கு. ஆனா ஒரு இடத்துல கூட உரியல. நம்பர் தெளிவா இருக்கு. கடைசி எழுத்து 8.

நம்பர் டேக்கர் மகள்:
எங்கப்பாகிட்ட முதல் படத்தை மட்டும் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டிட்டு ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு 8-ன்னார்.